வெளிச்சம் கூட்டிய படமும் என் கடைவாய்ப்பல்லும்

எண்களை அடுக்காக வைத்து ஒரேயடியாகக் கூட்டுவதும் பெருக்குவதும் எங்கள் தொழில். எந்த அடுக்கு எந்த வகை, எவ்வளவு பெரிய எண்ணைத் தாங்கும் என்பதை மறந்தால் பிழை சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும். இதே வேலையில் அவதிப்படுகிறவர்களே, என் பல்லைப் பற்றிக் கொட்டாஞ்சேனைப் பல் டொக்டர் சொன்ன கதையை நான் பல வருடமாக முழுதாக நம்பவில்லை.

கூட்டினால் குறைகிறது

அந்த டொக்டரின் எக்ஸ்ரே படங்களை வெளிச்சமாக்கும் மென்பொருளை வெள்ளவத்தையில் இருந்த எங்கள் அலுவலகம் செய்துகொடுத்தது. கணினிக்குப் படம் என்பது எண்களின் அடுக்கு. பூச்சியம் கறுப்பு, 255 வெள்ளை. என்னோடு வேலை செய்த கமலன் எல்லா எண்ணோடும் நாற்பதைக் கூட்டினான். அடுக்கோ மிகச் சிறிய முழுஎண் வகை. 255ஐத் தாண்டினால் பூச்சியத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கிவிடும். 250உடன் நாற்பது சேர்ந்தால் 290 அல்ல, 34. எச்சரிக்கை ஒன்றும் வராது.

படத்தில் மிக வெண்மையாகத் தெரியவேண்டிய பல் அடைப்புகள் கரிக்குழிகளாகிவிட்டன. டொக்டர் போன் எடுத்தார். "தம்பி, நான் அடைச்ச பல்லையெல்லாம் நீங்கள் ஏன் திறந்து விட்டிருக்கிறியள்?"

பெரிய வகை

கமலன் பெரிய வகைக்கு மாற்றினான். குழிகள் அப்படியே இருந்தன. ஒரு பின்னேரம் முழுக்க அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டிய பிறகுதான் மாற்றியிருக்கிறான்! எவ்வளவு பெரிய வகைக்குள் போட்டாலும் 34 என்பது 34தானே. முதலில் மாற்று, பிறகு கூட்டு, மிஞ்சியதை 255இல் நிறுத்து என்றேன்.

அவனோ கூட்டலை விட்டுத் தசம எண்ணால் பெருக்கி, விடையைப் பழைய சிறிய அடுக்கிலேயே போடப் பார்த்தான். தசம விடையை முழுஎண் அடுக்குக்குள் போடமாட்டேன் என்று இந்த முறை நிரல் மறுத்து நின்றது. கமலன் தலையில் கைவைத்தான். "அண்ணை, பிழையாச் செய்யேக்க வாயே திறக்கேல்லை, திருத்தப்போனா சண்டைக்கு வருது!"

என் முறை

திருத்தம் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேருமுன் எனக்குப் பல்வலி வந்தது. தெரிந்தவர் என்று அதே டொக்டரிடம் போனேன். திரையில் என் கடைவாய்ப்பல்லின் நடுவே கறுப்பு. அங்கே பழைய அடைப்பு ஒன்று உண்டு. இது அடைப்பா, சொத்தையா? வாய் நிறையப் பஞ்சு. "வகை, வகை" என்று முனகினேன். வலிக்கிறது என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டார். பல் போய்விட்டது.

பிறகு விஷயத்தை விளக்கினேன். அவர் அசையவில்லை. "படம் எப்பிடி இருந்தாலும் அது கழட்டவேண்டிய பல்தான் தம்பி."

வலி அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் இருந்தது. பிடுங்கிய இடத்து வலியா, பழைய வலியா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. வகை பிசகியதற்குப் பல்லைக் கொடுத்தவன் எங்கள் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும். போன மாதம் வெள்ளவத்தைச் சந்தையில் அவரைக் கண்டபோது கேட்டேவிட்டேன்: "டொக்டர், வெளிச்சம் கூட்டாத படத்தை அண்டைக்கு ஒருக்கா எண்டாலும் திறந்து பாத்தனீங்களா?"