மாமா போட்ட ஓட்டு

பெற்ற தாயின் தம்பியைப் பார்த்து எனக்குக் குமட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மீன் குழம்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது.

புதுச்சேரியில் எங்களுடையது இரண்டு நாட்டுக் குடும்பம். பிரெஞ்சுக்காரர்கள் போனபோது, வேண்டியவர்கள் அவர்கள் குடியுரிமையையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அரியாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அம்மா இந்தியாவோடு இருந்துவிட்டாள். மாமா பிரான்சை எடுத்துக்கொண்டு, அவர்கள் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பிவிட்டார். கடைசியில் பாரிஸுக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடச் சமையலறையில் வருஷக்கணக்காகப் பாத்திரம் கழுவுவது நான். அங்கே எனக்கு ஓட்டு கிடையாது. இங்கே ஃபேனுக்கடியில் படுத்திருக்கும் மாமாவுக்கு உண்டு.

அந்த முறை விடுமுறைக்கு வந்திருந்தபோது அங்கே தேர்தல். யார் வருவார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வெளியாட்களைத் துரத்திவிடுவோம் என்று ஒரு கட்சி கத்திக்கொண்டிருந்தது. அங்கே தங்குவதற்கான என் அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன், பதில் இல்லை.

மாமா காலையிலேயே கோட்டு மாட்டி, பதக்கம் குத்திக்கொண்டு, ஊருக்குள் இருக்கிற பிரெஞ்சு ஓட்டுச்சாவடிக்குப் புறப்பட்டார். கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனவள் நான்தான். திரும்பி வந்து சோற்றைப் பிசைந்தபடியே, கத்துகிற அந்தக் கட்சிக்குத்தான் போட்டேன் என்றார்.

“என்ன மாமா இது! என்னத்தான தொரத்தப் போறாங்க?”

“உன்ன யாருடி சொன்னா? அரபுங்க, கருப்பனுங்க... எங்கெங்கயோ இருந்து வந்து பூந்துக்கினு நாட்டையே நாறடிக்கிறானுங்க. நாம அப்படியா? சொல்தா குடும்பம்டி.”

அங்கே என் பக்கத்தில் நின்று பாத்திரம் தேய்ப்பவள் ஒரு அல்ஜீரியக்காரி. எனக்குக் காய்ச்சல் என்றால் என் வேலையையும் சேர்த்துச் செய்பவள். பஸ்ஸில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வசவுதான் விழுகிறது. சொல்தா குடும்பம் என்று என் நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? கேட்டேன். அவர் முள்ளைத் தட்டின் ஓரத்தில் துப்பினார். அந்த வாயைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. என் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினேன்.

கை கழுவிவிட்டு ஈசிசேரில் சாய்ந்தவர் குரலைக் குழைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

“அடுத்த தடவ வர்றப்ப அந்த சீஸு ரெண்டு டப்பா எடுத்தாடி. இங்க விக்கிறத வாயில வைக்க முடியல.”

“எடுத்தாறேன் மாமா. அங்க உள்ள வுட்டா.”

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்.