கூண்டுக்காரரின் சாயங்கால வேலை

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அவருக்குப் பெயர் கூண்டுக்காரர். முதுகுத்தண்டில் அடிபட்ட எலிகளுக்குத் தானாகச் சிறுநீர் போகாது. காலையும் மாலையும் அடிவயிற்றை விரலால் அமுக்கி எடுக்க வேண்டும். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

புதிய சோதனை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, பெயிண்ட் அடிக்க ஏறிய சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அக்கா வீட்டு முன்னறையில்தான் கிடந்தான். கூண்டுக்காரர் அந்தக் கால்களைப் பார்ப்பதையே தவிர்த்தார்.

அந்தச் சோதனையைப் பற்றி, அதை நடத்தும் டாக்டரம்மா விளக்கியிருந்தார்.

"அடிபட்ட நரம்பு செல் 'ஆபத்து'ன்னு சிக்னல் கொடுக்கும், உடனே வீக்கம் வரும். முதல்ல அது நல்லதுதான், சிதைஞ்சதைச் சுத்தம் பண்ணணும்ல? சிக்னல் அடங்காமலே போனா நல்ல நரம்பும் கெட்டுடும்."

"பஞ்சாயத்துக்கு வந்துட்டு வீட்டுக்குத் திரும்பாத சொந்தக்காரங்க மாதிரி."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான். அதை அடக்குற மருந்து பாதி எலிக்கு, மீதிக்கு வெறும் உப்புத் தண்ணி. எதுக்கு எதுன்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியக் கூடாது."

மனுஷர் சும்மா இருந்தாரா? எட்டு எலிகள் பின்னங்காலைக் கொஞ்சம் அசைத்ததுமே, இதுகளுக்குத்தான் மருந்து என்று தாமே தீர்ப்பு எழுதிவிட்டார். மருந்து ஜெயித்தால்தானே மச்சானுக்குச் சீக்கிரம் வரும்! அந்த எட்டுக்கு மட்டும் தீனியைத் தள்ளி வைத்தார், இழுத்துக்கொண்டாவது போகட்டும் என்று. தினமும் சாயங்காலம் ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் கால் பிடித்துவிட்டார். வீட்டுக்குப் போகும்போது தூக்கம் கண்ணைச் சொருகும்.

இரண்டு மாதத்தில் எட்டும் நடந்தன. டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த பிறகு கூண்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. நடந்தது மருந்தாலா, தம் கைவேலையாலா? பொய்யாக ஜெயித்த மருந்து மச்சான் உடம்பில் ஏறினால்? மறுநாள் போய் ஒப்புக்கொண்டார்.

"உதவின்னு நினைச்சு உபத்திரவம் பண்ணிட்டீங்களே!" என்றார் டாக்டரம்மா. சீல் வைத்த உறையைக் கிழித்து, எந்த எலிக்கு எது என்ற பட்டியலைப் பார்த்தார். அந்த எட்டில் ஐந்து, உப்புத் தண்ணீர் எலிகள்.

"அப்போ மருந்து வேலை செய்யலையா?"

"தெரியாது. செய்யுதா இல்லையான்னு சொல்லவே முடியாம ஆக்கிட்டீங்க. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

வேலை போகவில்லை. ஆனால் அந்த அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்தவர், ஒன்று விடாமல் மச்சானிடம் சொன்னார். திட்டுவான் என்று எதிர்பார்த்தார். அவன் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான்.

"தினமும் பத்து நிமிஷமா, மாமா?"

"ஆமா."

"எலிக்கு."

கூண்டுக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கட்டிலோரம் உட்கார்ந்து, மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவன் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.