விளக்கு மினுக்கி நரம்பை வளர்ப்பதாகச் சொன்னவர்

இரண்டு வருடத்துக்கு முன் ஒரகடத்தில் நடந்தது இது. இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

நானும் என் தங்கையும் வெவ்வேறு கம்பெனிகளில் வேலை பார்த்தோம். திடீரென்று அவளுக்கு ஒரு கண் மங்கியது. பிறகு இடது கால் மரத்தது. சென்னை அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, மூளை நரம்புகளின் மேலுறை அங்கங்கே சிதைந்திருக்கிறது என்றார்கள். நோய் முற்றாமல் இருக்க மாத்திரை தந்தார்கள். முழுக்கக் குணமாகும் என்று மட்டும் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அப்போதுதான் வாலாஜாபாத் ரோட்டில் ஒரு மாடியில் நடந்த சிகிச்சை மையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஊசி இல்லை, ஆபரேஷன் இல்லை. படபடவென்று மின்னும் விளக்கின் முன் உட்கார்ந்து, அதே வேகத்தில் துடிக்கும் சத்தத்தைக் கேட்டால் நரம்புறை திரும்ப வளருமாம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், இந்த முறையில் நரம்புறை வளர்ந்ததாக வந்த ஒரு செய்தித்தாள் துண்டைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்ததைக் காட்டினார். மாத்திரை சாப்பிட்டால் இது பலிக்காது, நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினோம்.

தினமும் ஷிப்ட் முடிந்ததும் பைக்கில் கூட்டிப் போனேன். பத்தாம் நாள் தங்கை, "அண்ணா, தல சுத்துது. காலு முன்ன விட மோசமா கீது" என்றாள். குணமாவதற்கு அதுதான் அறிகுறி என்றார் அவர். கொஞ்சம் பொறுத்துக்கோ என்று நானும் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அவளால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

மறுபடி அரசு மருத்துவமனைக்கே தூக்கிக்கொண்டு போனேன். அங்கே, செல்போனில் எடுத்து வைத்திருந்த அந்தச் செய்தியின் படத்தை டாக்டரம்மாவிடம் காட்டினேன். பாதியில் வெட்டியிருக்கிறதே என்று அவரே முழுச் செய்தியையும் தேடி எடுத்தார். வெட்டிய பகுதியில் இருந்தது, அந்தச் சோதனையை எலிகளுக்குத்தான் செய்தார்கள் என்ற விஷயம்.

"ஆராய்ச்சி நிஜம்தாம்பா. எலிங்களுக்குப் பலன் தெரிஞ்சிருக்கு. மனுஷங்களுக்கு ஆகுமான்னு இன்னும் பாத்துட்டிருக்காங்க. அதுக்காக மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?"

மறுநாளே அந்த மாடிக்குப் போனேன். வெள்ளைக் கோட்டுக்காரர் பதறவில்லை. "நாங்க யாரையும் கட்டாயப்படுத்தலயே சார். நீங்களாதானே வந்தீங்க?" என்றார். காத்திருந்த மூன்று பேரிடமும் நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள். மகனோடு வந்திருந்த ஒரு அம்மா மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தே இருந்தார். சுகாதாரத் துறைக்குப் புகார் எழுதினேன். அதிகாரிகள் வருவதற்குள் போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

தங்கை இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறாள். ஒருநாள் அந்த ஆளை நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள்: "அவன் யாரோ அண்ணா. நான் உங்கிட்டதான சொன்னேன்."

அந்த வைத்தியம் ஒருநாள் மனிதர்களுக்கும் பலிக்கலாம், பலிக்கட்டும். ஆனால் தன் கால் எப்படி இருக்கிறது என்று அவள் சொன்னதை நம்பாமல், அதைப் பற்றி எவனோ சொன்னதை நம்பினேனே, அதற்கு நான் யார் மேல் புகார் எழுதுவது?