மொட்டைமாடியில் பாடிய ஞாயிற்றுக்கிழமை

லண்டனில் புகழ்பெற்ற நான்கு பேர் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏறி ராக் பாட்டுப் பாடியதையும், தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்ததையும், கடைசியில் போலீஸ் வந்ததையும் என் தாய்மாமா கணினியில் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறார். அதன் பிறகு ஊரார் முன்னிலையில் அந்த நால்வரும் சேர்ந்து பாடவே இல்லையாம். எனக்குப் பிடித்தது போலீஸ் வரும் இடம்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமாவும் இரண்டு நண்பர்களும் காரைக்குடியில் ஒரு ராக் குழு வைத்திருந்தார்கள். மாமா கித்தார், ஒருவர் டிரம்ஸ். மூன்றாமவர் பாடுவார், அவர் எனக்குப் பாட்டு மாமா. கல்யாண வீடுகளில் இவர்களை யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு கல்லூரி விழாவில் பாதியிலேயே மேடையை விட்டு இறக்கிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் டிரம்ஸையும் ஸ்பீக்கரையும் எங்கள் மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். சத்தம் என்றாலே சண்டைக்கு வரும் அம்மா, அன்று பாட்டு மாமாவுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பாட்டு தொடங்கியதும் எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். "ஏம்ப்பா, மனுசன் மத்தியானம் கண்ணசர வேணாமா?" அம்மா இறங்கிப்போய் அவரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"மாமா, போலீஸ் எப்ப வருவாக?"

"இன்னைக்கு யாரும் வர மாட்டாகத்தா."

கடைசிப் பாட்டைப் பாட்டு மாமா திரும்பத் திரும்பப் பாடினார். குரல் கம்மியது, வெந்நீரைக் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமாவின் கித்தாரும் நின்றது.

"ஏன் மாமா நிப்பாட்டிட்டீக? அவுக இன்னும் பாடுறாகளே?"

"பாடட்டும், விடு."

பாட்டு மாமா வெயில் தாழும்வரை பாடினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நல்லா இருந்துச்சா?" என்றார்.

"போலீசே வரலையே" என்றேன். அவர் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது.

மறுவாரம் மதுரையில் அவருக்கு அறுவைச் சிகிச்சை. புற்றுநோய் என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அம்மா சொன்னது. அன்றைக்கு என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு அவர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். பாடச் சொல்லிக் கெஞ்சினேன். என் தலையைத் தடவிவிட்டு மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். இரண்டு பேரும் வெகுநேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் காய் விட்டுக்கொள்வதைப் போல இவர்களுக்குள்ளும் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் போய் நின்று, "ரெண்டு பேரும் பழம் விடுங்க" என்றேன்.

அந்தப் பெரிய மனிதர்கள் மறுக்காமல் விரலோடு விரல் சேர்த்துப் பழம் விட்டார்கள். நான் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து, அவர் எப்போது பாடுவார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.