மானிட்டருக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நெற்றியில் பொட்டு வைத்திருந்தது. வெறும் அழகுக்கு இல்லை. அந்தப் பொட்டு இல்லாவிட்டால், ஒரு போர் விமானத்தை நடுக்கடலில் நிற்கும் கப்பலின்மேல் என்னால் இறக்கியிருக்கவே முடியாது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என்னிடம் சாட்சி இருக்கிறது. மாடம்பாக்கம் தேவராஜைக் கேட்டுக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. மேற்குத் தாம்பரத்தில் கடை போட்டு, கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்து, ஆறே மாதத்தில் பெரிய ஆளாகிவிடுவது என்று அவருக்குத் திட்டம். கம்ப்யூட்டர் வந்துவிட்டது, கடை வரவில்லை. பூச்சு வேலை முடியும்வரை அது சேலையூரில் எங்கள் வீட்டு ஹாலில், பழைய தையல் மெஷின் மேஜையின்மேல் குடியிருந்தது. செருப்போடு அந்தப் பக்கம் போகக் கூடாது. ஈரக்கையோடு தொடக் கூடாது. மாமா சொன்னதெல்லாம் தூசிக்கும் ஈரத்துக்கும் பயந்து. அம்மா அதைப் பூஜையறைச் சட்டமாகவே ஆக்கிவிட்டாள்.

மாமாவின் சிநேகிதர் ஒருவர் இரண்டு ஃபிளாப்பியில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்திருந்தார். மாமாவுக்கு அதில் நாட்டமில்லை. அவருக்குப் பத்திரிகை மூலையில் பிள்ளையாரை உட்கார வைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆகவே விளையாட்டு எனக்கு.

தாம்பரத்துப் பிள்ளைகளுக்கு விமானம் புதிதில்லை. ஏர்ஃபோர்ஸ் விமானங்கள் எங்கள் மொட்டைமாடிக்கு மேலேதான் வட்டம் போடும். பல்லாவரம் பக்கம் போனால், மீனம்பாக்கத்தில் இறங்கும் பெரிய விமானத்தின் சக்கரங்களை எண்ணிவிடலாம். ஆனால் கப்பலிலிருந்து கிளம்பிக் கப்பலிலேயே இறங்கும் விமானம்? அது இந்த விளையாட்டில்தான் இருந்தது. கிளம்புவது ஒரு பொத்தான். கப்பலே கவண் மாதிரி தூக்கி எறிந்துவிடும். எதிரியைச் சுடுவதும் இரண்டு நாளில் கைவந்துவிட்டது. திரும்பி வருவதுதான்! அத்தனை பெரிய கப்பல் தூரத்திலிருந்து தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். அதன் வால் பக்கமாக, சரியான உயரத்தில், சரியான வேகத்தில் வர வேண்டும். விமானத்தின் பின்னாலுள்ள கொக்கியை இறக்கிவிட வேண்டும். அது தளத்திலுள்ள கம்பியில் மாட்டினால்தான் விமானம் நிற்கும். கொஞ்சம் உயரமாக வந்தால் கப்பலைத் தாண்டிக் கடலுக்குள். கொஞ்சம் தாழ்ந்தால் கப்பலின் பின்சுவரில். மூன்று வாரத்தில் ஒரு நாட்டின் கடற்படையையே நான் தனியாளாக அழித்திருந்தேன். அது என்னுடைய கடற்படை என்பதுதான் கஷ்டம்.

பத்திரமாக இறங்கியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று விளையாட்டில் உண்டு. அதில் என் பெயர் இல்லை. ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்.

“யாரு மாமா இது?”

மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். “கேம் பண்ணவனா இருப்பான்டா. உயிரெழுத்தே ஒண்ணுதான் இருக்கு, பாரு. ரஷ்யாக்காரன்தான்.”

பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சித்திக்குப் புரையேறியது. சித்தி அம்மாவின் தங்கை. பி.காம். முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு, வரன் அமைவதற்காக எங்கள் வீட்டில் காத்திருந்தாள். பகலில் அம்மா பாடம் நடத்தப் பள்ளிக்கும், அப்பா ஆபீஸுக்கும், மாமா கடை வேலைக்கும், நான் ஏழாம் வகுப்புக்கும் போய்விடுவோம். சித்தி மட்டும் “வீட்டில் சும்மா” இருப்பாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பாவம், பீன்ஸ் நறுக்கினால்கூடப் புரையேறுகிறதே என்று நினைத்தேன்.

இதற்கிடையே வகுப்பில் வாய் சும்மா இருக்கவில்லை. கப்பலில் இறங்கிவிட்டேன் என்று தேவராஜிடம் சொல்லிவிட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை என்று சொன்னேன். தேவராஜ் வீட்டார் மாடம்பாக்கத்தில் நிலபுலம் உள்ளவர்கள். அவன் எதையும் அளந்து பார்க்காமல் நம்புகிறவன் இல்லை.

“நாயித்துக்கெயம வூட்டுக்கு வரேன். என் கண்ணு முன்னால எறக்கிக் காட்டு. எறக்கிட்டா என் பேட்டு ஒரு மாசம் உன்கிட்ட. எறக்கலன்னா பிரேயர்ல முன்னால போய் நின்னுகினு, நான் புளுகுனேன்னு நீயே சொல்லணும். இன்னா?”

“சரிடா” என்றேன். அதைவிட மோசமான செய்தி அன்று மாலை வந்தது. பூச்சு காய்ந்துவிட்டதாம், திங்கட்கிழமை கம்ப்யூட்டர் கடைக்குப் போகிறதாம்.

இங்கேதான் பொட்டு வருகிறது. அதற்கு முந்தைய வாரம் ஆயுத பூஜை. அம்மா ஸ்டெபிலைசருக்கும் கீபோர்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு, மானிட்டர் கண்ணாடியின் நட்ட நடுவிலும் ஒன்று வைத்தாள். மாமா அலறினார். “தானா உதிர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது” என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நானும் அந்தச் சிவப்புப் புள்ளி வழியாகவே வானத்தைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் தற்செயலாகக் கப்பலின் வால் அந்தப் புள்ளிக்கு நேராக இருந்தது. அப்படியே வைத்துக்கொண்டு இறங்கினேன். மயிரிழையில் கப்பலைத் தாண்டி விழுந்தேன். ஆனால் அவ்வளவு பக்கத்தில் அதுவரை நான் விழுந்ததே இல்லை!

இரண்டு நாளில் குங்குமம் உதிர்ந்துவிட்டது. மறுநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால், அதே இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. மெரூன் நிறம், மிளகு அளவு. மானிட்டர் வெறும் நெற்றியோடு இருக்கக் கூடாதென்று அம்மாதான் ஒட்டியிருப்பாள் என்று முடிவு செய்தேன். வியாழக்கிழமை அந்தப் பொட்டு அரை அங்குலம் கீழே இறங்கியிருந்தது. மானிட்டரின் தலையைத் தொட்டால் சுட்டது. வெயிலில் கோந்து இளகி நழுவியிருக்கிறது என்று கண்டுபிடித்தேன். அறிவியலில் எனக்கு எப்போதும் நல்ல மதிப்பெண்.

நழுவிய பொட்டுக்கு நேராகக் கப்பலின் வாலை வைத்து வெள்ளிக்கிழமை மாலை இறங்கினேன். விமானம் நின்றது! ஹாலைச் சுற்றி மூன்று தடவை ஓடினேன். பட்டியலில் ரஷ்யாக்காரனுக்குக் கீழே என் பெயர். சனிக்கிழமை இன்னும் இரண்டு முறை. தேவராஜின் பேட்டுக்கு வீட்டில் எந்த மூலை என்றுகூடத் தீர்மானித்துவிட்டேன்.

ஞாயிறு மதியம் தேவராஜ் அவன் அண்ணனோடு சைக்கிளில் வந்து இறங்கினான். அண்ணன் நடுவராம். அப்பா கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிபந்தனை போட்டார்: டிவியில் சினிமா தொடங்குவதற்குள் ஆட்டத்தை முடித்துவிட வேண்டும். இரண்டும் ஒன்றாக ஓடினால் ஸ்டெபிலைசர் தாங்காது. நான் ஒரு விமானிக்குரிய நிதானத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டேன்.

திரை பளபளவென்று இருந்தது. பொட்டைக் காணோம்.

“அம்மா! பொட்டு எங்கம்மா?”

“கண்ணாடியெல்லாம் கைரேகையா இருந்துச்சுடா. வெளிப் பசங்க வராங்களேன்னு ஈரத்துணியால நல்லா தொடச்சேன்” என்று சமையலறையிலிருந்து பெருமையாகப் பதில் வந்தது.

முதல் முறை கப்பலைத் தாண்டிக் கடலில் விழுந்தேன்.

“இன்னாடா, பிளேனு மீன் புடிக்கப் போவுதா?” என்றான் தேவராஜ்.

“இருடா, அது டிரையல்.”

இரண்டாம் முறை பின்சுவரில் மோதினேன். “இதுவும் டிரையலா?” என்று நடுவர் கேட்டார். நான் எழுந்து உள்ளே ஓடினேன். சித்தியின் முகம் பார்க்கும் கண்ணாடி ஓரமெல்லாம் பழைய பொட்டுகள் ஒட்டியிருக்கும். ஒன்றைப் பிய்த்து வந்து திரையில் ஒட்டினேன். எங்கே ஒட்டுவது? நேற்றுவரை தினமும் பார்த்த இடம், சத்தியமாக நினைவுக்கு வரவில்லை. உத்தேசமாக ஒட்டிவிட்டு ஆடினேன். மறுபடியும் கடல்.

“பொட்டு வெச்சிக்கினு ஆடுறான்டா இவன்!” தேவராஜ் தொடையைத் தட்டிச் சிரித்தான். “சீக்கிரம்டா, படம் போட்டுடுவான்” என்று அப்பா குரல் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரேயரில் மைக் முன்னால் நான் நிற்பது, திரையில் கப்பலைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

அப்போது சித்தி வந்தவர்களுக்கு முறுக்கும் காபியும் தட்டில் எடுத்து வந்தாள். என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். தட்டைத் தேவராஜின் அண்ணன் மடியில் வைத்துவிட்டு, நான் ஒட்டிய பொட்டை நகத்தால் பிய்த்து எறிந்தாள். தன் நெற்றியிலிருந்த மெரூன் பொட்டை எடுத்தாள். ஒரு நொடி யோசிக்கவில்லை, அளந்து பார்க்கவில்லை. திரையில் ஒரே இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

“இப்ப ஆடு.”

கிளம்பினேன். கடலைச் சுற்றி வந்தேன். தூரத்தில் தீப்பெட்டி தெரிந்தது. அதன் வாலைப் பொட்டுக்கு நேராகக் கொண்டுவந்தேன். வேகம் குறைந்தது. யாரும் முறுக்குக் கடிக்கவில்லை. தீப்பெட்டி சோப்புப்பெட்டி ஆயிற்று, சோப்புப்பெட்டி செங்கல் ஆயிற்று.

“கொக்கி” என்று பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல்.

ஐயோ, கொக்கி! பொத்தானைக் குத்தினேன். சக்கரம் தளத்தைத் தொட்டது, திரை ஒரு முறை குலுங்கியது, எல்லாம் அப்படியே நின்றது.

“எறங்கிடுச்சுடா!” என்று முதலில் கத்தியது தேவராஜ்தான். நடுவர் முறுக்குத் தட்டோடு எழுந்து குதித்தார். அப்பாகூடப் படத்தை மறந்து எட்டிப் பார்த்து, “இவ்ளோதானா?” என்றார். தேவராஜ் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். ஒரு மாத பேட்டு அந்த அடியிலேயே என் கணக்கில் வந்துவிட்டது.

பட்டியல் வந்தது. “உனுக்கு மேல ஒர்த்தன் கீறானே, யார்ரா அது?”

“ரஷ்யாக்காரன்டா. அவனை யாரும் ஜெயிக்க முடியாது.”

காலியாகிவிட்ட தட்டை நடுவரிடமிருந்து வாங்கி, சித்தி அதால் முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போனாள். தட்டு குலுங்கியது. தேவராஜ் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். கொக்கி என்று சொன்ன குரல் என் மனசாட்சியுடையது என்றும் நினைத்தேன்.

பத்தாவது பரீட்சை விடுமுறையில் என்னை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்தார்கள். முதல் நாள், முதல் பாடம், இடது கைச் சுண்டுவிரலிலிருந்து தொடங்கி: ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப். தாளில் விழுந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் மாஸ்டர் எழுந்து வந்துவிட்டார். கப்பலில் இறங்கியதும் அந்த விளையாட்டு அவள் பெயரைக் கேட்டிருக்கிறது. சித்தி சொல்லத் தயங்கியிருக்கிறாள். விரல்கள் தங்களுக்குத் தெரிந்ததை அடித்துவிட்டன. நாங்கள் எல்லாரும் வெளியே போன பகல்களில் ரஷ்யாக்காரன் எங்கள் ஹாலில்தான் இருந்திருக்கிறான், சமையலை முடித்துவிட்டு.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஆட்டோவில் கம்ப்யூட்டர் போனபோது சித்தி வாசல்வரை வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது. மாமாவைப் பிரிவதாலோ என்று பார்த்தால், மாமா சாயங்காலமே சாப்பிட வந்துவிடுவார். வந்தவர் புலம்பினார்: ஒரு பத்திரிகை அடிக்கவே பகல் முழுக்க ஆகிறதாம், இரண்டு விரலால் எவ்வளவுதான் தட்டுவது?

“நான் வேணா வந்து டைப் பண்ணித் தரட்டுமாண்ணா?” என்று சித்தி கேட்டாள்.

வீடே அவளைப் பாராட்டியது. குடும்பப் பொறுப்பு என்றார் அப்பா. வரன் வருகிறவரை பொழுது போகும் என்றாள் அம்மா. மறுநாள் காலை, இதுவரை நான் பார்த்திராத சுறுசுறுப்போடு சித்தி தலைவாரிக்கொண்டாள். கைப்பையில் குடையும் டிபன் டப்பாவும் வைத்தாள். பிறகு ஒரு புதுப் பொட்டு அட்டையையும் வைத்தாள். முழு அட்டை, மெரூன் நிறம்.

“கடைக்கு எதுக்கு சித்தி இவ்ளோ பொட்டு?”

“வேர்வைல விழுந்துடும்டா, கேப்டன்” என்று என் தலையைக் கலைத்துவிட்டுப் போனாள்.

மேற்குத் தாம்பரத்தில் அவ்வளவா வேர்க்கும் என்று யோசித்துக்கொண்டே நான் தேவராஜின் பேட்டையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினேன்.