விராலடிப்பானுக்கு இன்னொரு சாட்சி

தாபோடியில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில்தான் விடியும். சர்ச் ஆராதனைக்கு இன்னும் நேரம் இருக்கும். கணவர் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு துரை மாதிரி முன்னால் நடப்பார். ஃபிளாஸ்க்கும் போஹா என்கிற அவல் உப்புமா டப்பாவும் என் தலையில். எங்களைப் போன்ற தன்னார்வலர்கள் ஜோடி ஜோடியாகப் போய்ப் பார்த்த பறவைகளைச் சாய் கடைக்கு வந்து சொல்ல, ஒரு மராட்டி டீச்சர் எழுதிக்கொள்வார். பள்ளிப் பிள்ளைகளின் பாடத்துக்கும் ஆராய்ச்சிக்கும் அது போகும். கொக்கு, நாரை என்றால் ஒருவர் சொன்னால் போதும். அபூர்வமான பறவையை இரண்டு பேராவது சேர்ந்து பார்த்திருக்க வேண்டும். இதில் மட்டும் டீச்சர் மசியவே மாட்டார்.

ஒரு குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல். தனியாகப் போனவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தார்.

"விராலடிப்பான்டீ! பாறைகிட்ட காலை நீட்டிக்கிட்டு விழுந்து, மீனைத் தூக்கிட்டுப் போச்சு!"

எங்கள் கரையில் அந்த மீன்பிடிக் கழுகை யாருமே பார்த்ததில்லை. கூட ஆள் இல்லாததால் டீச்சர் எழுதவில்லை.

அதன் பிறகு எத்தனையோ குளிர்காலம் அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பருந்தைப் பாத்துட்டுக் கதை விடறீங்க" என்று நான் வம்புக்கு இழுப்பேன்.

"பைபிள் மேல சத்தியம்டீ. ஒருநாள் நீயும் பாப்பே. அப்ப நம்ம ரெண்டு பேரையும் எழுதுவாங்க."

அந்த மனுஷன் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆசை அதுதான்.

ஒரு மழைக்காலத்தின் முடிவில் மாரடைப்பில் போய்விட்டார். வீட்டில் இருப்புக்கொள்ளாமல், அந்தக் குளிரில் தொலைநோக்கியை நானே மாட்டிக்கொண்டு போனேன். வேறு ஜோடி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாலத்தில் லோக்கல் ரயில் கடந்து சத்தம் அடங்கியது. பாறைக்குப் பக்கத்தில் காலை நீட்டியபடி அது விழுந்தது. மீனோடு எழுந்தது. வெள்ளை வயிறு, கண்ணோரம் கறுப்புப் பட்டை.

"என்னங்க, அங்க பாருங்க!" என்று பக்கத்தில் கையை நீட்டிவிட்டேன். தோள் இல்லை. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சாய் கடையில் சொன்னதும் டீச்சர் பேனாவைத் திறந்தார். என்னை எப்போதும் அண்ணி என்று, மராட்டியில் வஹினி என்றுதான் கூப்பிடுவார்.

"வஹினி, கூட யார் இருந்தாங்க?"

"ரெண்டு பேர் பாத்தோம் டீச்சர்," என்றேன். "சேந்து பாக்கலை, அவ்வளவுதான்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுதாமலே பேனாவை மூடினார்.