சிவப்பு நூல் கட்டிய நாலு விடைக்கோழிகள்

ரகுபதிக்கு எதையும் முறைப்படி செய்தால்தான் மனம் ஆறும். சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகும், காலையில் கொல்லைப்புறக் கூட்டைத் திறக்குமுன் தன் ஆறு கோழிகளுக்கும், பட்டறையில் வேலைக்குமுன் பாதுகாப்பு விதிகளைச் சொல்லும் ‘டூல்பாக்ஸ் மீட்டிங்’ நடத்துவார். கேலியில்லை, நிஜமாகவே நடத்துவார். கையில் நொய் இருக்கும்வரை கோழிகளும் மரியாதையாகக் கேட்கும். மூத்த கறுப்புப் பெட்டைக்குக் கங்காணி என்று பெயர். அது தின்று முடித்தால்தான் மற்றவை தட்டுப் பக்கம் வரும். வெளியாள் யார் வந்தாலும் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் நூர்தீன் பாய் நாலு விடைக்கோழிகளை ஓர் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தார். ரகுபதி பட்டறையில் புதிதாகச் சேர்ந்த அன்று, கேன்டீனில் தனியாக நின்றவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தவர் அவர். மனைவி இறந்தபின் வாடகைத் தரைவீட்டில் கோழிகளே துணையென்று இருந்தார். வீட்டுக்காரர் வீட்டைத் திருப்பிக் கேட்டுவிட்டார். இனி ஈசூனில் மகளோடு அடுக்குமாடி வீடு. அங்கே கோழி வளர்க்க அனுமதி கிடையாது.

“குஞ்சுல இருந்து கையில வச்சு வளர்த்தது, தம்பி. உன் கோழிங்க சேர்த்துக்கலன்னா சொல்லிடு. யார்கிட்டயாவது கறிக்குக் கொடுத்துடுறேன்,” என்றார் பாய். சொல்லிவிட்டும் பெட்டியைக் கீழே வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

“எங்கிட்ட விட்டுட்டீங்கல்ல, பாய். ஒரு கீறல் விழாது,” என்று ரகுபதி வாக்குக் கொடுத்தார்.

கொல்லையின் நடுவே கம்பிவலை கட்டி, புதியவற்றை ஒரு பக்கமும் பழையவற்றை மறுபக்கமும் விட்டார். பத்து நாள் ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும் என்று ஏற்பாடு. பாய் தினமும் சாயங்காலம் பஸ் ஏறி வந்து, புதியவற்றின் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, “குர்... குர்...” என்று கூப்பிடுவார். நாலும் ஓடிவந்து மடியில் ஏறும். வலைக்கு அந்தப்புறம் நின்று கங்காணி அவரையும் பார்த்து உறுமும். அதற்கும் ஒரு பிடி நொய்யை வலையிடுக்கில் தள்ளிவிடுவார். அது தொடாது.

பதினோராம் நாள் காலை ரகுபதி வலையைப் பிரித்தார். பிரிக்குமுன் ஒரு காரியம் செய்தார். பட்டறையில் புது ஆளின் ஹெல்மெட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பார்த்தவுடன் மற்றவர்கள் கொஞ்சம் கவனமாக நடந்துகொள்வார்கள். அதே யோசனையில், தேக்கா கடைத்தெருவில் வாங்கிய சிவப்பு நூலை நாலு விடைகளின் காலிலும் கட்டினார். கட்டியதை மனைவி வைதேகியிடம் பெருமையாகவும் காட்டினார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு கோழிகளும் நாலின் கால்களையே குறிவைத்துக் கொத்தின. எல்லாவற்றிலும் சிறியதான, செம்பட்டை என்ற விடையின் கால் கிழிந்து ரத்தம் வந்தது. ரத்தத்தைக் கண்டதும் கங்காணி இன்னும் வெறியானது. வைதேகி துடைப்பத்தோடு பாய்ந்துபோய் விலக்கினாள்.

“நான் கால் நகத்துல சிவப்பு பாலிஷ் போட்டாலே இதுங்க கொத்துது. மறந்துட்டீங்களா? சிவப்பைப் பார்த்து ஒதுங்கிப் போறதுக்கு இதுங்க என்ன உங்க வெல்டருங்களா?” என்றாள்.

ரகுபதி செம்பட்டையைத் தூக்கிக்கொண்டார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் பொறுப்பில் ஒரு புது ஆளுக்கும் அடிபட்டதில்லை. செம்பட்டையின் காலில் மஞ்சள் பற்றுப் போட்டார். பாவி, நானே குறி போட்டுக் கொடுத்துவிட்டேனே என்று மருகினார். சாயங்காலம் பாய் செருப்பைக் கழற்றுமுன்னே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

பாய் செம்பட்டையைத் தூக்கிக் காலைப் பார்த்தார். “கறிக்குக் கொடுக்க என்னால முடியாது, தம்பி. இன்னொரு தடவை பாரு,” என்றார்.

நூல்கள் குப்பைக்குப் போயின. வலை மறுபடி ஏறியது. புண் ஆற இரண்டு வாரம் பிடித்தது. அதன்பின் கங்காணியை நாலு நாள் தனிக்கூண்டில் அடைத்துவிட்டு, மற்றவற்றைக் கலந்துவிட்டார். “சஸ்பென்ஷன்” என்று வைதேகி சிரித்தாள். வெளியே வந்த கங்காணி பார்த்தபோது ஒன்பதும் கலந்து மேய்ந்துகொண்டிருந்தன. செம்பட்டையை ஒரு கொத்து கொத்தியது. செம்பட்டை தலையைத் தாழ்த்தி ஒதுங்கியது. அவ்வளவுதான், விவகாரம் முடிந்தது.

அன்று சாயங்காலம் பாய் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, “குர்... குர்...” என்றார். நாலும் தலையைத் தூக்கிப் பார்த்தன. பிறகு கூட்டத்தோடு வாழையடிக்குக் கிளறப் போய்விட்டன. பாய் இன்னொரு முறை கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை.

“சேர்ந்துடுச்சுங்க லா. நல்லது,” என்றார். நொய்யை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்திருந்தார். இதைத்தான் இத்தனை நாளாகப் பாடுபட்டுச் செய்தோமா என்று ரகுபதிக்குத் தோன்றியது.

அப்போது கங்காணி கூட்டத்தை விட்டு வந்தது. இறகைச் சிலிர்க்கவில்லை, உறுமவில்லை. நேராகப் பாயின் கையில் இருந்த நொய்யைக் கொத்தித் தின்றது.

“இது என்னைக் கண்டாலே ஆகாதே, தம்பி.”

“இத்தனை நாளா நீங்களும் வலைக்கு அந்தப் பக்கம்தானே உட்கார்ந்திருந்தீங்க, பாய்,” என்றார் ரகுபதி. “உங்களையும் சேர்த்துக்கிச்சு.”

பாய் கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். “அப்ப நாளைக்கும் வரலாம்,” என்றார்.